ஒன்பது அங்குலம்

நகராட்சி அலுவலகத்தின் மூன்றாம் கவுண்டர் அம்மாளுக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம்தான். "ஃபைல் போயிட்டிருக்கு." தையல்காரர் முதல் வாரம் போய்க் கேட்டபோதும் அதைத்தான் சொன்னார், மூன்றாம் வாரம் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். எங்கே போகிறது, யார் மேசைக்குப் போகிறது, போகிற வழியில் எங்காவது உட்கார்ந்து இளைப்பாறுகிறதா என்று கேட்க இவருக்கும் நாக்கு துறுதுறுக்கும். ஆனால் அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். அதோடு கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடும். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, பையில் இருக்கிற ரசீதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, கடைக்குத் திரும்புவார்.

ஊரில் அவருக்குப் பட்டப்பெயர் அரை இன்ச். யார் சட்டை தைக்க வந்தாலும், "உள்ள அரை இன்ச் விட்டிருக்கேன், பின்னால உடம்பு போட்டா பிரிச்சுக்கலாம்" என்பார். வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அரை இன்ச் கடை எது என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கைகாட்டும். உண்மைப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தபால்காரரே இரண்டு நிமிஷம் யோசிப்பார்.

அவர் கட்ட அனுமதி கேட்டது மாளிகை ஒன்றும் இல்லை. கடைக்குப் பின்னால் சும்மா கிடக்கிற இடத்தில் ஓர் அறை, அதோடு சேர்ந்து ஒரு கழிவறை, அவ்வளவுதான். அந்த வீடு அகலமே இல்லாத வீடு. கீழே கடை, மேலே குடித்தனம், நடுவில் செங்குத்தாகப் பதினேழு படி. குளிக்கப் போகவேண்டும் என்றாலும் மேலேதான். ஐந்து மாதத்துக்கு முன்னால், தைத்து முடித்த கால்சட்டைகளைக் கைநிறைய அள்ளிக்கொண்டு இறங்கியபோது, அவருடைய மனைவிக்கு ஒன்பதாம் படியில் கால் தவறியது. முதுகெலும்பில் அடி. ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். கால்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இனிமேல் சக்கர நாற்காலிதான்.

அன்றிலிருந்து அவள் தம்பி வீட்டில் இருக்கிறாள். தம்பி வீடு தரைத்தளம், விசாலமான குளியலறை, நல்ல மனசுள்ள தம்பி பெண்டாட்டி. குறை ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தம்பிக்கு, அதாவது நம் தையல்காரரின் மச்சினனுக்கு, தூரத்து ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். அதற்கு இன்னும் இரண்டரை மாதம்தான் இருந்தது. அதற்குள் அறை எழும்பினால் அவள் தன் வீட்டுக்கு வருவாள். எழும்பவில்லை என்றால் தம்பியோடு போவாள். ரயிலில் ஒன்றரை நாள் தூரம்.

அவளே சில நாளாக அந்தப் பக்கம் சாய ஆரம்பித்திருந்தாள் என்பதுதான் இவருக்குப் பெரிய பயம். போனில் பேசும்போதெல்லாம், நீங்கள் ஏன் இப்படி அலைகிறீர்கள், நான் இவர்களோடு போய்விடுகிறேன், நீங்கள் எப்போதாவது வந்து பாருங்கள் என்பாள். பாரமாகிவிட்டோம் என்ற நினைப்பு அவளை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. ஒரு சாக்குக் கிடைத்தால் போதும், கிளம்பிவிடுவாள். ஏற்கெனவே பெட்டியில் பாதித் துணியை அடுக்கிவிட்டாள் என்று மச்சினன் ரகசியமாகச் சொல்லியிருந்தான்.

மேஸ்திரி தன் பங்குக்கு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார். இருபதாம் தேதிக்குள் நகராட்சிப் பேப்பர் கைக்கு வந்தால் நாற்பத்தைந்தே நாளில் முடித்துக் கொடுப்பாராம். தாண்டினால், வேறொரு பெரிய வேலை, ஆறு மாதத்துக்கு ஆள் கிடையாது. பேப்பர் இல்லாமல் ஆரம்பிக்கலாமே என்று கேட்டதற்கு, போன வருஷம் இரண்டு தெரு தள்ளி ஒருத்தர் அனுமதி இல்லாமல் கட்டிய மாடியை இயந்திரம் வந்து ஒரே காலையில் இடித்துவிட்டுப் போனதை நினைவுபடுத்தினார். "நான் கட்டினதை நானே பாத்துக்கிட்டு நின்னேன் பாருங்க, அதுக்கப்புறம் பேப்பர் இல்லாம ஒரு செங்கல்லைத் தொடுறதில்ல" என்று முடித்துக்கொண்டார்.

எட்டாம் தேதி காலையில் இடத்தைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான மனிதர், சிரிக்கத் தெரியாத முகம், கையில் இரும்பு டேப். தையல்காரர் கடையைப் பெருக்கி, பின்பக்கத்தையும் கழுவிவிட்டு, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தார். அந்த மனிதர் உள்ளே நுழைந்ததும் இவர் கண் முதலில் போனது அவர் முகத்துக்கு இல்லை, சட்டைக்கு. தோள் தையல் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் கீழே இறங்கிக் கிடந்தது. எந்தப் புண்ணியவான் தைத்தானோ. கழற்றிக் கொடுங்கள், பத்து நிமிஷத்தில் சரிசெய்கிறேன் என்று வாய் வரை வந்தது. ஐயையோ, கைக்கூலி கொடுக்கப் பார்க்கிறான் என்று எழுதிவிட்டால்? வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் டேப்பின் ஒரு நுனியைக் கடையின் பின்சுவரில் வைத்துப் பிடிக்கச் சொன்னார். மறுநுனியைக் காம்பவுண்டுச் சுவர் வரை இழுத்தார். குனிந்து பார்த்தார். பிளானைப் பார்த்தார். மறுபடி டேப்பைப் பார்த்தார். டேப்பைச் சரக்கென்று சுருளவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒருமுறை செய்தார்.

"பிளான்ல பதினஞ்சு அடி ஏழு இன்ச் போட்டிருக்கீங்க. இங்க பதினாலு அடி பத்து இன்ச்தான் இருக்கு. மீதி ஒன்பது இன்ச் எங்க?"

இருக்காது சார், நானே என் கையால் அளந்தேன் என்றார் தையல்காரர். அளந்தது நீங்கள்தானா என்று இன்ஸ்பெக்டர் பிளானின் கீழே விரலை வைத்துக் காட்டினார். கொடுக்கப்பட்ட அளவுகள் யாவும் உண்மை என்று உறுதியளிக்கிறேன், பொய்யானால் சட்டப்படி நடவடிக்கைக்கு உட்படுகிறேன் என்று அங்கே அச்சடித்திருந்தது. அதற்கு அடியில் மனைவியின் கையெழுத்து. வீடு அவள் பெயரில் இருந்தது.

கட்டிடத்துக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் மூன்று அடி காலியாக விட வேண்டும், அதில் ஒரு விரல்கடைகூட விட்டுக்கொடுக்க முடியாது என்றார் இன்ஸ்பெக்டர். ஒரு வாரத்துக்குள் திருத்திய பிளானும், தவறு எப்படி நடந்தது என்று வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதமும் வரவேண்டும். வராவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள். பிறகு புதிதாக விண்ணப்பம், புதிதாகப் பார்வையிடல், மூன்று மாதம். இதையெல்லாம் கோபம் இல்லாமல் சொல்லிவிட்டு, இறங்கிய தோள் தையலோடு போய்விட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட ஒரு வார்த்தை கெஞ்சிப் பார்த்திருக்கலாம்.

தையல்காரர் முப்பது வருஷமாக ஊர் உடம்பையெல்லாம் அளந்தவர். படம் வரைகிற பிளான்காரர் அளக்க ஓர் ஆளை அனுப்பட்டுமா என்று கேட்டபோது, "அளவு எடுக்க எனக்கே ஆளா?" என்று மார்தட்டியவர் இவர்தானே. அகலம் பத்திரத்தில் தெளிவாக இருந்தது. பின்பக்க நீளத்தை மட்டும் தன் கடை டேப்பாலேயே அளந்து, கடை நோட்டிலேயே எழுதி, அந்தப் பக்கத்தை நகல் எடுத்துப் பிளான்காரரிடம் கொடுத்திருந்தார். கூட்டல் எல்லாம் மனைவியின் இலாகா என்பதால் மொத்தம் எவ்வளவு என்று அவர் பார்க்கவும் இல்லை.

இப்போது அந்த நோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் புரட்டினார். பக்கத்தின் மேலே "நம்ம வீடு, பின்பக்கம்" என்று அவள் கையெழுத்தில் எழுதியிருந்தது. கீழே மூன்று எண்கள். 63. 63. 61.

நோட்டைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய டேப்பைப் பார்த்தார். தையல்காரன் டேப்புக்கு நீளம் அறுபது அங்குலம். அறுபதோடு டேப் முடிந்துவிடும். அறுபத்து மூன்று எங்கிருந்து வரும்?

அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது. தையல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அது அந்தக் கடையின் வழக்கம். கடை ஆரம்பித்த புதிதில், குண்டாக இருந்த ஒரு வாடிக்கையாளருக்கு மார்பளவு எடுத்து, சட்டை இறுக்காமல் இருக்கத் தளர்ச்சிக்கு மூன்று அங்குலம் சேர்த்து உரக்கச் சொல்லிவிட்டார் இவர். நான் என்ன அவ்வளவு பெருத்தா கிடக்கிறேன் என்று அந்த மனிதர் சண்டைக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து கணவனும் மனைவியும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். இவர் உடம்பளவை மட்டும் வாயால் சொல்வார். அவள் வாயைத் திறக்காமல் தளர்ச்சியைச் சேர்த்து, வெட்டுகிற அளவை நோட்டில் எழுதுவாள். கை, கழுத்து என்றால் கொஞ்சம். பெரிய அளவு எதுவானாலும் மூன்று. இவர் நாற்பது என்பார், அவள் நாற்பத்து மூன்று என்று எழுதுவாள். இருபத்தாறு வருஷமாக அவள் எழுதியதை இவர் கேள்வி கேட்டதில்லை, எழுதியபடி வெட்டுவார். ஒரு சட்டைகூட இறுக்கிப் பிடித்ததில்லை, தொங்கியதில்லை.

பின்பக்கத்தை அளந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மச்சினன் அவளைக் காரில் அழைத்து வந்திருந்தான். விழுந்த பிறகு அன்றுதான் முதல் தடவையாகத் தன் வீட்டு வாசலைப் பார்த்தாள். நாற்காலியோடு பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய் வெயில் படாத இடமாக நிறுத்தினார்கள். கட்டில் இங்கே, ஜன்னல் அங்கே என்று அவள் கையை நீட்டி நீட்டிச் சொன்னாள். பிறகு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, பென்சிலை நாக்கில் தொட்டு, "சொல்லுங்க" என்றாள். இவர் தரையில் டேப்பை வைத்து, சாக்பீஸால் கோடு கிழித்துக் கிழித்து நகர்ந்தார். அறுபது. அறுபது. ஐம்பத்தெட்டு. அவள் எழுதினாள். கை தன்பாட்டுக்குப் பழைய வேலையைச் செய்துவிட்டது. ஐந்து மாதத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

இதைப் போய் அவளிடம் எப்படிச் சொல்வது? தன் கையால்தான் காரியம் கெட்டது என்று தெரிந்தால் அவளுக்கு வேறு சாக்கே வேண்டாம். மீதித் துணியையும் பெட்டியில் வைத்துவிடுவாள். சொல்லவே கூடாது என்று முடிவு செய்தார். ஆனால் கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டியது அவள்.

மனுஷன் அடுத்து ஒரு காரியம் செய்தார். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் நடந்ததைச் சொல்லத்தானே வேண்டும். கடைக் கதவைச் சாத்திவிட்டு, அவள் பழைய கையெழுத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, வெட்டிப் போட்ட துணித் துண்டுகளில் சாக்பீஸால் அதைப்போலவே போட்டுப் பழகினார். ஒன்று, இரண்டு, பத்து. அவள் பெயரின் கடைசி எழுத்தில் ஒரு சுழி வரும். அந்தச் சுழி மட்டும் படியவே இல்லை. பதினோராவது துண்டில் தன் கையைப் பார்த்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. எல்லாத் துண்டுகளையும் தண்ணீரில் நனைத்துக் கசக்கி, கோடு போன பிறகுதான் கூடையில் போட்டார்.

பிளான்காரர் புதிய படம் போட்டுக் கொடுத்தார். மூன்று அடி காலி இடம் போக, வெளிச்சுவர் போக, அறைக்கும் கழிவறைக்கும் நடுவில் சுவர் போக, கழிவறைக்கு மிஞ்சியது ஐம்பத்தோரு அங்குலம். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில், சக்கர நாற்காலி திரும்ப அறுபது வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அந்த ஒன்பதை அறையிலிருந்து எடுக்கலாமா என்று தையல்காரர் கேட்டார். எடுத்தால் கட்டிலும் நாற்காலியும் சேர்ந்து உள்ளே நிற்காது என்றார் பிளான்காரர். சமையலறை அவசியமா, ஜன்னல் அவசியமா என்று கேட்கிற மாதிரி, அம்மாவுக்குத் திரும்புவது அவசியமா என்றுகூட ஒரு கேள்வி கேட்டார். படித்த மனிதர்தான், என்ன செய்வது.

நம்பிக்கை விடாமல் தையல்காரர் கடைத் தரையில் ஐம்பத்தொன்றுக்குச் சதுரமாகக் கோடு போட்டார். பக்கத்து மருந்துக்கடையில் வாடகைக்கு விடுகிற சக்கர நாற்காலியை ஒரு மணி நேரத்துக்கு இரவல் கேட்டு வாங்கி வந்து, தானே ஏறி உட்கார்ந்தார். கோட்டுக்குள் போக முடிந்தது. திரும்ப முடியவில்லை. முன்சக்கரம் கோட்டைத் தாண்டியது. பின்னால் இழுத்தால் பின்சக்கரம் தாண்டியது. சட்டை வாங்க வந்த ஒரு பெண்மணி வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார். தையல்காரர் அந்தச் சதுரத்துக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். போக முடியும், வர முடியாது என்றால் அதற்குப் பெயர் கழிவறையா? பெருமூச்சு விடவும் இடம் இல்லாததுபோல இருந்தது அவருக்கு.

பதினான்காம் தேதி வேறு வழியில்லாமல் மச்சினன் வீட்டுக்குப் போனார். பையில் கடிதம் இருந்தது. அளவு எடுத்ததில் என் கணவர் கவனக்குறைவாகத் தவறு செய்துவிட்டார் என்று பிளான்காரரை வைத்து டைப் செய்து வாங்கியிருந்தார். நோட்டையும் எடுத்துப் போயிருந்தார். ஏன் எடுத்துப் போனார் என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. பொய் சொல்லப் போகிறவன் சாட்சியையும் கூட்டிக்கொண்டு போன கதைதான்.

அவள் ஜன்னல் ஓரத்தில் நாற்காலியில் இருந்தாள். கட்டிலுக்குக் கீழே பெட்டி. இவர் சின்ன விஷயம் என்று ஆரம்பித்து, தான் அசட்டுத்தனமாகத் தப்பாக அளந்துவிட்டதாகவும், ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்துவிடும் என்றும் சொல்லி, பேனா மூடியைக்கூடக் கழற்றி நீட்டினார். குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உற்சாகமாக இருந்தது. அதுதான் காட்டிக்கொடுத்தது.

அவள் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள்.

"நீங்களாவது, தப்பா அளக்கறதாவது. நோட்டு எங்க?"

கடையில் இருக்கிறது என்றார். பையிலிருந்து நோட்டின் சிவப்பு முனை வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டினாள். கொடுத்துவிட்டார்.

பக்கம் புரண்டது. அவள் விரல் அந்த மூன்று எண்களில் நின்றது. இவர் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார். சமையலறையில் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. இதோ, இப்போது சொல்வாள், நான் தம்பியோடு போகிறேன் என்று சொல்வாள் என்று காத்திருந்தார்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டாள். ஆறு நாள் என்றார். ஆறு நாளாக இதை வைத்துக்கொண்டு தனியாகத் தூங்கினீர்களா என்றாள். தூங்கவில்லை என்றார்.

"நான் தப்பு பண்ணினா எங்கிட்ட சொல்லணும். இருபத்தாறு வருஷமா அப்படித்தானே இருந்தோம். கால் போனதும் நான் கண்ணாடிப் பாத்திரம் ஆயிட்டேனா?"

நீ கிளம்பிவிடுவாயோ என்று பயந்துவிட்டேன் என்று இவர் கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டார். அவள் பிளானைக் காட்டச் சொன்னாள். மடியில் விரித்து வைத்துக்கொண்டு, துணியில் எங்கே வெட்டினால் மிச்சம் வரும் என்று தேடுகிற அதே கண்ணோடு மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அறைக்கும் கழிவறைக்கும் நடுவில் இருக்கிற இந்தத் தடித்த கோடு என்ன என்று கேட்டாள். சுவர் என்றார். எத்தனை அங்குலம் என்றாள்.

"ஒன்பது."

"அதை எடுத்துடுங்க."

"எடுத்துட்டு?"

"திரை போடுங்க. ஊருக்கெல்லாம் தைக்கறீங்க, எனக்கு ஒரு திரை தைக்க மாட்டீங்களா?"

அறை இங்கே, கழிவறை அங்கே, நடுவில் வெறும் துணியா, நான் அங்கேயேதானே இருப்பேன் என்று இவர் தடுமாறினார். அவள் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அஞ்சு மாசமா என் தம்பி பொண்டாட்டிதான் என்னைத் தூக்கி உக்கார வைக்கிறா. முகம் சுளிச்சதில்ல, பாவம். ஆனா ஒவ்வொரு தடவையும் நான் செத்துப் பொழைக்கறேன். அவகிட்ட அவ்வளவு கூச்சமும் பட்டாச்சு. உங்ககிட்ட எனக்கு என்னங்க வெக்கம்?"

அதற்கு மேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அதற்குள் அவள் டைப் செய்த கடிதத்தை இரண்டாக மடித்து ஓரமாக வைத்துவிட்டு, வெள்ளைத்தாளில் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டபோது கடைசி எழுத்தில் அந்தச் சுழி அழகாக விழுந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், துணித் துண்டு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அதை இன்றுவரை சொன்னதாகத் தெரியவில்லை.

திருத்திய பிளானும் கடிதமும் பதினைந்தாம் தேதி கவுண்டருக்குப் போய்ச் சேர்ந்தன. சுவருக்குப் பதில் திரை என்றதும் பிளான்காரர் சிரித்தார், மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். கூரை இரண்டு பக்கச் சுவர் மேல்தானே உட்காரப் போகிறது என்று தையல்காரர் கேட்டபோது, அது சரிதான் என்று மேஸ்திரியே ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பதினாறு, ஃபைல் போய்க்கொண்டிருந்தது. பதினேழும் அப்படியே. பதினெட்டு விடுமுறை. அன்று தையல்காரர் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டு, பிரித்து மறுபடி தைத்தார்.

பத்தொன்பதாம் தேதி காலை கவுண்டர் திறக்கும் முன்பே போய் நின்றார். கண்ணாடி அம்மாள் அவரைப் பார்த்ததும், இன்ஸ்பெக்டர் உள்ளே கூப்பிடுகிறார் என்றார். போய்க்கொண்டிருக்கிறது என்ற வாக்கியம் வராதது இவருக்கு இன்னும் பயமாக இருந்தது. உள்ளே போனார். மேசையில் அவர் ஃபைல் திறந்து கிடந்தது. மேலே மனைவியின் கடிதம்.

இன்ஸ்பெக்டர் அதைப் படித்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லாமல் படித்தார். அளவு எழுதியது நான், எங்கள் கடை வழக்கப்படி மூன்று மூன்று அங்குலமாகச் சேர்த்து எழுதிவிட்டேன், சட்டைக்குச் சரி, நிலத்துக்குச் சரியில்லை, என் கணவர் அளந்தது சரியாகத்தான் இருந்தது என்று அவள் எழுதியிருந்தாள். பொய்யளவு கொடுத்ததாக நடவடிக்கை என்று வந்தால் அவள் பெயரில்தானே வரும் என்று இவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியைக் கோர்ட்டு வாசலில் நினைத்துப் பார்த்தார்.

"எல்லாத்துக்குமே மூணு சேர்ப்பீங்களா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"துணிக்கு மட்டும்தான் சார்."

பிளானில் நடுச்சுவரைக் காணவில்லையே என்றார் அவர். திரை என்று இவர் முணுமுணுத்தார். அவர் பேனாவால் காலி இடத்தைத் தொட்டு, மூன்று அடி இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தார். இருந்தது. வெளியே மூன்று அடி விட்டால் போதும், உள்ளே சுவர் வைப்பதும் திரை போடுவதும் உங்கள் வீட்டு விவகாரம் என்றார். பிறகு தன் சட்டைத் தோளை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டு, "இதுக்கு எவ்வளவு சேர்த்தானோ" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். தையல்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார். கையெழுத்து விழும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

கவுண்டரில் அந்த அம்மாள் முத்திரை குத்தினார். தாளை நீட்டும்போது, "ஃபைல் வந்துடுச்சு" என்றார். அவர் சிரித்ததை அந்த ஊரில் முதலில் பார்த்தவர் நம் தையல்காரராகத்தான் இருக்கவேண்டும்.

நேரே மேஸ்திரியிடம் பேப்பரைக் காட்டிவிட்டு, கடைக்கு வந்து, பின்பக்கம் போய் நின்றார். தரையில் பழைய சாக்பீஸ் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. திரை தொங்கப்போகிற கம்பியின் உயரத்தைக் கடைச் சுவரில் குறித்துக்கொண்டு, மனைவிக்குப் போன் போட்டார். பேப்பர் வந்துவிட்டது என்றார். போகமாட்டாய் அல்லவா என்று கேட்க வாய் வரை வந்தது, பயமாக இருந்தது. அதற்குப் பதிலாக, திரைக்கு அளவு எடுக்கிறேன், எழுதிக்கொள்கிறாயா என்று கேட்டார்.

அங்கே ஏதோ நகர்கிற சத்தம். கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டியை யாரோ இழுக்கிறார்கள், பூட்டு திறக்கிறது, எதையோ தேடுகிறார்கள். பென்சில் அந்தப் பெட்டியில்தான் இருந்ததாம்.

"சொல்லுங்க" என்றாள்.

தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு அவர் டேப்பைச் சுவரில் வைத்தார். "அறுபது." கோடு கிழித்து டேப்பைக் கீழே இறக்கினார். "பதினெட்டு."

அவள் எழுதுகிற சத்தம் கேட்பதுபோல இருந்தது. பிறகு அவள் எழுதியதைப் படித்துக் காட்டினாள். இருபத்தாறு வருஷத்தில் அப்படிப் படித்துக் காட்டியது அதுதான் முதல் தடவை.

"அறுபது. இருபத்தொண்ணு. மூணை ஒரு தடவைதாங்க சேர்த்தேன்."